டியூபாவின் வால்வும் ஸ்லைடும்: எதை எவ்வளவு இழுப்பது?

கேள்வி இது: "நான்கு ரோட்டரி வால்வு உள்ள பி ஃபிளாட் டியூபா வாசிக்கிறேன். வால்வு எதையும் அழுத்தாமல் வாசிக்கும் பி ஃபிளாட் ட்யூனரில் நேராக நிற்கிறது. ஆனால் 1+2 அழுத்தினால் ஷார்ப், 2+4 அழுத்தினால் இன்னும் ஷார்ப், நடுக்கோட்டு டி மட்டும் ஃபிளாட். ஒரு ஸ்லைடை இழுத்து ஒன்றைச் சரிசெய்தால் வேறொன்று கெட்டுப்போகிறது. ஸ்லைடுகளை எந்த அளவில் வைப்பது? கம்பென்சேட்டிங் டியூபாவுக்கு மாறினால் தொல்லை தீருமா?"

புதியவர்களுக்கு ஒரு வரி: டியூபா ஆழமான ஒலியுள்ள பெரிய பித்தளை ஊதுகருவி; வால்வை அழுத்தினால் காற்று ஒரு கூடுதல் குழாய் வழியாகப் போகும்; ஸ்லைடு என்பது அந்தக் குழாயில் இழுத்து நீட்டக்கூடிய வளைவு; ஷார்ப் என்றால் சுருதி ஏறி நிற்பது, ஃபிளாட் என்றால் இறங்கி நிற்பது. நீங்கள் சொல்லும் மூன்றும் கருவி பழுதானதால் வருபவை அல்ல. மிராஃபோன் 186 போன்ற பேர்போன நான்கு ரோட்டரி கருவியைக் கையில் கொடுத்தாலும், சுருதி காட்டும் ட்யூனரின் ஊசி பெரும்பாலும் இதே திசைகளில்தான் நகரும். எல்லா ஸ்வரமும் ஒன்றாக நேராகிவிடும் ஸ்லைடு அளவு என்று எதுவும் கிடையாது. இருந்திருந்தால் தொழிற்சாலையிலேயே அந்த இடத்தில் பற்றவைத்து அனுப்பியிருப்பார்கள். தண்ணீர் வடிக்க மட்டும் ஒரு வழி விட்டிருப்பார்கள். ஆகவே எந்த ஸ்வரங்களை நிலையாக வைத்த ஸ்லைடிடம் விடுவது, எவற்றை வாசிக்கும்போதே இடது கையால் சரிசெய்வது, எவற்றுக்கு விரலையே மாற்றுவது என்று பங்கு பிரிப்பதுதான் உங்கள் வேலை. அதற்குக் கொஞ்சம் கணக்கு தெரிய வேண்டும். பள்ளிக்கூடச் சதவீதக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

பி ஃபிளாட் டியூபாவின் குழாய் நீளம் சுமார் 5.5 மீட்டர். ஓர் அரைஸ்வரம் (பியானோவில் அடுத்த கட்டை) கீழே இறங்க, அந்த நேரத்தில் இருக்கும் நீளத்தோடு 5.95 சதவீதம் சேர வேண்டும். "அந்த நேரத்தில் இருக்கும் நீளம்" என்பதில்தான் எல்லா வினையும் இருக்கிறது. முதல் அரைஸ்வரம் இறங்கியதும் குழாய் நீண்டுவிட்டது. அடுத்த அரைஸ்வரத்துக்கு அந்த நீண்ட குழாயில் 5.95 சதவீதம் வேண்டும். வட்டிக்கு வட்டி கேட்கும் கணக்கு இது. வால்வோ அசலுக்கு மட்டும்தான் வட்டி கட்டும். 2-வது வால்வில் உள்ள குழாய் 5.95 சதவீதம், 1-வதில் 12.25, 3-வதில் 18.9, 4-வதில் 33.5. தனித்தனியாக அழுத்தினால் எல்லாம் சரி. 1-ஐயும் 2-ஐயும் சேர்த்து அழுத்தினால் கிடைப்பது 18.2 சதவீதம், மூன்று அரைஸ்வரம் இறங்கத் தேவைப்படுவதோ 18.9. குறைவது முக்கால் சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. 5.5 மீட்டரில் அது 4 சென்டிமீட்டர் குழாய். குழாய் குட்டையானால் சுருதி ஏறும். அதனால்தான் உங்கள் 1+2 ஷார்ப்.

அரைஸ்வரத்தை 100 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். அந்தக் கணக்கில் 1+2 சுமார் 11 சென்ட் ஷார்ப், 2+3 சுமார் 15, 1+3 சுமார் 30, 1+2+3 சுமார் 54. கடைசியாகச் சொன்னது கால் ஸ்வரத்தையே, அதாவது 50 சென்ட்டையே, தாண்டிவிட்டது. மூன்று வால்வு டியூபாவில் அந்த விரலை அப்படியே வாசித்தால் பக்கத்தில் இருக்கும் யூஃபோனியக்காரர் திரும்பிப் பார்ப்பார். 4-வது வால்வு வந்ததே 1+3-க்கும் 1+2+3-க்கும் மாற்றாகத்தான். 1+3 செய்ய வேண்டியதை 4 தனியாகவே சரியாகச் செய்கிறது. ஆனால் 2+4 என்று சேர்த்த உடனே பழைய கதை திரும்புகிறது: 25 சென்ட் ஷார்ப். 1+4 என்றால் 48. நான்கையும் சேர்த்து அழுத்தினால், 11 அரைஸ்வரம் இறங்க வேண்டிய இடத்தில் ஒன்பதேகால்தான் இறங்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை இல்லை. 1835-இல் பெர்லினில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் இருவரும் காப்புரிமை பெற்ற முதல் டியூபாவிலேயே ஐந்து வால்வு இருந்தது. மூன்று வால்வால் கீழ் ஸ்வரங்களைச் சமாளிக்க முடியாது என்று அவர்களுக்கு அப்போதே தெரியும். அடால்ஃப் சாக்ஸ் 1852-இல் வேறு ஒரு வழி பார்த்தார்: ஆறு வால்வு, ஒவ்வொன்றும் தனி நீளம், எதையும் எதோடும் சேர்க்கவே வேண்டாம். கணக்குப்படி அப்பழுக்கில்லாத யோசனை. ஆனால் பித்தளைக் குழாய் குவியலாகிவிட்டது. பெல்ஜியம் பக்கம் டிராம்போனில் கொஞ்ச காலம் ஓடியதோடு சரி. 1874-இல் லண்டன் பூசி நிறுவனத்தின் டேவிட் பிளேக்லி கொண்டுவந்ததுதான் நீங்கள் கேட்கும் கம்பென்சேட்டிங் முறை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் ஸ்லைடுகள். கீழே சொல்லும் ஸ்வரப் பெயர்கள் எல்லாம் காதில் கேட்கும் சுருதி. பிராஸ் பேண்ட் முறையில் டிரெபிள் கிளெஃபில் படிப்பவராக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வால்வின் ஸ்லைடை இழுப்பது, அந்த வால்வை அழுத்தியிருக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். கேட்டால் "இது தெரியாதா" என்று தோன்றும். ஆனால் 2+4 ஷார்ப் என்று முதல் ஸ்லைடை இழுத்துக்கொண்டிருக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். காற்று அந்தப் பக்கமே போகவில்லை. அதேபோல ஸ்லைடை 1 சென்டிமீட்டர் இழுத்தால் குழாய் 2 சென்டிமீட்டர் நீள்கிறது, இரண்டு கால் இருப்பதால். அதனால் 1+2-க்குக் குறையும் 4 சென்டிமீட்டருக்கு ஸ்லைடை 2 சென்டிமீட்டர் இழுத்தால் போதும்.

3-வது ஸ்லைடிலிருந்து ஆரம்பியுங்கள். அதுதான் சுலபமாக முடிவு சொல்லக்கூடியது. நான்கு வால்வு கருவியில் 3-ஐத் தனியாக அழுத்தி வாசிப்பது அபூர்வம். 1+3-இன் வேலையையும் 4 எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது 2+3. கீழ் ஜி ஃபிளாட்டும் அதற்கு மேல் வரும் டி ஃபிளாட்டும். ஆகவே 3-வது ஸ்லைடை முழுக்க முழுக்க 2+3-க்கே எழுதிக்கொடுத்துவிடலாம். கணக்குப்படி அது சுமார் 3 சென்டிமீட்டர் இழுப்பு. பல தயாரிப்பாளர்கள் இதைத் தெரிந்தே 3-வது குழாயைக் கொஞ்சம் நீளமாகச் செய்வதால், உங்கள் கருவியில் 1 சென்டிமீட்டரே போதுமானதாக இருக்கலாம். அளவுகோலை நம்பாமல் காதை நம்புங்கள். 2-வது ஸ்லைடைத் தனியாக 2 அழுத்தி வாசிக்கும் ஏ-க்கு வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அது குட்டிக் குழாய், அதில் விளையாட இடமில்லை.

4-வது ஸ்லைடில்தான் பேரம். 4 தனியாக வாசிக்கும் கீழ் எஃப்பும் சி-யும் ஒரு பக்கம். 2+4-இல் வரும் கீழ் ஈ-யும் பி நேச்சுரலும் (ஃபிளாட் இல்லாத பி) மறுபக்கம். இரண்டாவது ஜோடி சரியாக நிற்க 4-வது ஸ்லைடை ஐந்தரை சென்டிமீட்டர்போலக் கூடுதலாக இழுக்க வேண்டும். இழுத்தால் முதல் ஜோடி இறங்கிவிடும். இதில் எது முக்கியம் என்பதை நீங்கள் வாசிக்கும் இசையே சொல்லும். பேண்ட் இசை பெரும்பாலும் பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப் மேஜர் என்று ஃபிளாட் பக்கமே சுற்றும். எஃப்பும் சி-யும் நிமிடத்துக்கு நான்கு முறை வரும், ஈ எப்போதாவது எட்டிப்பார்க்கும். அப்படியானால் 4-வது ஸ்லைடு எஃப், சி-க்கே. ஆர்க்கெஸ்ட்ராவில் ஷார்ப் பக்கத்து ஸ்கேல்கள் அதிகம்; அங்கே ஈ-யும் பி-யும் நீளமாக நிற்கும். அந்த மாதிரி உருப்படிக்கு நான் 4-ஐ இழுத்து 2+4-க்கு வைத்துவிட்டு, எஃப்பையும் சி-யையும் 1+3-இல் வாசிப்பதையே விரும்புவேன். 3-வது ஸ்லைடு ஏற்கெனவே நீளமாக இருப்பதால் 1+3-இன் ஷார்ப் பாதியாகக் குறைந்திருக்கும். மீதியை முதல் ஸ்லைடை 3 சென்டிமீட்டர் இழுத்துச் சமாளிக்கலாம். இரண்டு ஏற்பாட்டையும் நடுவில் வைத்து "எல்லாவற்றிலும் கொஞ்சம் தப்பு" என்று சமரசம் செய்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. இரண்டு ஜோடியும் சுமாராக இருப்பதைவிட, ஒரு ஜோடி உறுதியாக நிற்பது பேண்டின் அடித்தளத்துக்கு நல்லது.

மிச்சம் முதல் ஸ்லைடு. இதை நிலையாக வைக்கவே முயற்சி செய்யாதீர்கள். 1 தனியாக வாசிக்கும் ஏ ஃபிளாட்டும் ஈ ஃபிளாட்டும் ஓரிடம் கேட்கும். 1+2-இல் வரும் கீழ் ஜி-யும் அதற்கு மேல் வரும் டி-யும் 2 சென்டிமீட்டர் வெளியே கேட்கும். நான்குமே நாள் முழுக்க வரும் ஸ்வரங்கள். ஆகவே ஸ்லைடு ஏ ஃபிளாட்டுக்குச் சரியான இடத்தில் ஓய்வாக இருக்கட்டும். ஜி, டி வரும்போது இடது கை இழுக்கட்டும். சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் வாசிக்கும்போது இடது கை சும்மா இருக்காது. ஸ்லைடு மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் யார்க் நிறுவனம் செய்த அவருடைய சி டியூபா, உலகமே நகலெடுக்கும் கருவி. அதற்கே கை தேவைப்பட்டது என்றால் நமக்கு ஏன் வெட்கம்?

கைக்கு ஸ்லைடு எட்டுகிறதா என்பது கருவியைப் பொறுத்தது. முன்பக்கம் பிஸ்டன் உள்ள அமெரிக்க வகை டியூபாக்களில் முதல் ஸ்லைடு மேல்நோக்கி, கை போகும் இடத்திலேயே இருக்கும். சில கருவிகளில் அது கீழ்நோக்கி அல்லது பின்பக்கம் மறைந்திருக்கும். நல்ல ரிப்பேர்காரரிடம் சொன்னால் நெம்புகோலோ ஸ்பிரிங் வைத்த தள்ளுகம்பியோ பொருத்தித் தருவார். எட்டுகிற இடத்தில் இருந்தால் ஸ்லைடு வழுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மெயின் ட்யூனிங் ஸ்லைடுக்கு (கருவி முழுவதின் சுருதியையும் ஏற்றி இறக்குவது) போடும் கெட்டியான கிரீஸ் உதவாது; மெல்லிய ஸ்லைடு எண்ணெய் போதும். இரண்டு காலும் இணையாக இல்லாவிட்டால் எந்த எண்ணெயும் பலிக்காது. அதையும் ரிப்பேர்காரர்தான் நேராக்க வேண்டும். வால்வை அழுத்தாமல் ஸ்லைடை இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஸ்லைடு திரும்பி ஓடப் பார்க்கும். அப்புறம் வால்வை அழுத்தும்போது "டப்" என்று சத்தம். முதல் வால்வில் மிகச் சின்ன துளை போட்டுக் காற்றை விடுவிப்பது இதற்காகத்தான். இப்போது பல டியூபாக்கள் அந்தத் துளையோடே வருகின்றன. உங்களுடையதில் இல்லாவிட்டால் நீங்களே டிரில்லைத் தூக்க வேண்டாம்.

அடுத்து அந்த டி. இது வால்வின் குற்றமே இல்லை. ஒரே குழாயில் உதட்டை மாற்றி மாற்றி எழுப்பும் ஸ்வர வரிசையில், அதாவது பார்ஷியல்களில், ஐந்தாவது பார்ஷியல் இயல்பாகவே பியானோவின் ஸ்வரத்தைவிட 14 சென்ட் கீழே இருக்கும். டியூபாவின் கூம்பு வடிவம் அதைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம், ஆனால் பெரும்பாலும் ஃபிளாட்தான். நடுக்கோட்டு டி அந்த ஐந்தாவது பார்ஷியல். அதற்குக் கீழே வரும் டி ஃபிளாட்டும் சி-யும் அதே பார்ஷியலில் 2, 1 அழுத்தி வருவதால் அவையும் சேர்ந்து தொங்கும். மெயின் ஸ்லைடை உள்ளே தள்ளினால் மற்ற எல்லாம் ஏறிவிடும். அதனால் விரலை மாற்றுங்கள்: ஆறாவது பார்ஷியலான மேல் எஃப்பிலிருந்து 1+2 அழுத்தி இறங்கினாலும் டி வரும். அங்கே 1+2-இன் 11 சென்ட் ஷார்ப் இருக்கிறது. ஆறாவது பார்ஷியலும் ஒரு மயிரிழை மேலேதான். ஆனால் ஷார்ப் என்றால் முதல் ஸ்லைடை இழுத்துக் கச்சிதமாக நிறுத்திவிடலாம். ஃபிளாட்டான ஸ்வரத்துக்கு ஸ்லைடால் செய்ய ஒன்றுமில்லை, ஷார்ப்பான ஸ்வரத்துக்கு எப்போதும் வழி இருக்கிறது. மாற்று விரல் தேடும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள். டி ஃபிளாட்டை 2+3-இலும், சி-யை 4-இலும் இதே முறையில் எடுக்கலாம். வேடிக்கை என்னவென்றால், அதே ஐந்தாவது பார்ஷியலில் 1+2 அழுத்தினால் வரும் பி நேச்சுரலில் 14 சென்ட் ஃபிளாட்டும் 11 சென்ட் ஷார்ப்பும் ஒன்றையொன்று தின்றுவிடும். உங்கள் ட்யூனரில் அது தொந்தரவு தராமல் நின்றால் காரணம் அதுதான்.

ஆனால் டி-யை எப்போதும் "திருத்த" வேண்டும் என்பதும் இல்லை. பி ஃபிளாட் மேஜர் கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில், டி மூன்றாவது ஸ்வரம். பிராஸ் கூட்டம் ஒரு கார்டை அசையாமல் நிறுத்தும்போது மூன்றாவது ஸ்வரம் பியானோ சுருதியைவிட அந்த 14 சென்ட் கீழேதான் உட்காரும். அப்போதுதான் கார்டு ஒலிக்கும். அந்த இடத்தில் வால்வே இல்லாத டி அற்புதமாகப் பொருந்தும். டியூபாவுக்குப் பெரும்பாலும் கார்டின் அடி ஸ்வரமே வருவதால் இந்தச் சலுகை அடிக்கடி கிடைப்பதில்லை. ட்யூனர் ஊசிக்குத் தெரியாத விஷயம் இது. அதற்கு நீங்கள் எந்தக் கார்டில் நிற்கிறீர்கள் என்று தெரியாது.

ட்யூனரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கீழ் பி ஃபிளாட் நொடிக்கு 58 அதிர்வு. அங்கே 10 சென்ட் வித்தியாசம் என்பது நொடிக்கு மூன்றில் ஒரு அதிர்வு. போனில் உள்ள ட்யூனர் அந்த ஆழத்தில் அடி ஸ்வரத்தை விட்டுவிட்டு மேல் ஒலிகளைப் பிடித்துக்கொண்டு தடுமாறும். குழாயில் கவ்வும் கிளிப் மைக் பரவாயில்லை. அதைவிட நல்லது ட்ரோன்: பி ஃபிளாட் அல்லது எஃப் ஒன்றை ஸ்பீக்கரில் நீளமாக ஓடவிட்டு அதன் மேல் வாசியுங்கள். அடி ஸ்வரம் மெதுவாகத்தான் மோதும். ஆனால் அதன் மேல் ஒலிகள் வேகமாக மோதி, எந்தப் பக்கம் விலகியிருக்கிறீர்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். தம்புராவோடு பாடிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஊசியைத்தான் பார்ப்பேன் என்றால் கண்ணை மூடி ஸ்வரத்தைப் பிடித்து, அது தானாக உட்கார்ந்த பிறகு கண்ணைத் திறங்கள். ஊசியைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் உதடு உங்களை அறியாமல் ஸ்வரத்தை வளைத்து ஊசியை நேராக்கிவிடும்; கருவியின் உண்மை வெளியே வராது. ஒரு தாளில் எல்லா ஸ்வரத்துக்கும் இப்படி எழுதுங்கள், நடுத்தர சத்தத்தில், வேறு வேறு நாட்களில். எந்த நாளும் ஒரே பக்கம் விலகும் ஸ்வரம் கருவியின் குணம். ஒருநாள் ஷார்ப், ஒருநாள் ஃபிளாட் என்று வந்தால் அது நீங்கள். அதற்கு ஸ்லைடைத் தொட வேண்டாம், மூச்சைப் பாருங்கள். ஜேக்கப்ஸ் மாணவர்களிடம் விடாமல் சொன்னதும் இதுதான்: ஸ்வரம் முதலில் தலைக்குள் பாட வேண்டும். மவுத்பீஸை மட்டும் கையில் எடுத்து அந்த வரியை ஊதிப் பார்த்தால் தலைக்குள் பாடுகிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் கருவி சூடான பிறகுதான் செய்ய வேண்டும். காற்றின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஒலியின் வேகம் ஏறி, சுருதி 30 சென்ட்வரை மேலே போகக்கூடும். வாசிக்கும்போது குழாய்க்குள் இருப்பது நம் மூச்சு என்பதால் நடைமுறையில் அவ்வளவு ஏறாது. ஆனாலும் டியூபா பெரிய உடம்பு, சூடாக நேரம் எடுக்கும். பலர் கவனிக்காத இன்னொன்று: மெயின் குழாய் சூடாகிவிட்ட பிறகும், இதுவரை அழுத்தாத 4-வது வால்வின் நீளக் குழாய் சில்லென்றே இருக்கும். ஏசி அரங்கத்தில் முதல் உருப்படியில் வரும் முதல் எஃப் சுருதி இறங்கி விழுவதற்கு இதுதான் காரணம். உட்கார்ந்ததும் நான்கு வால்வையும் அழுத்திப் பிடித்துச் சத்தமில்லாமல் சூடான காற்றை ஊதிக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்வரம் மட்டும் கணக்குக்குச் சம்பந்தமில்லாமல் 40 சென்ட் விலகுகிறது, அல்லது திடீரென்று அடைத்தாற்போல் ஒலிக்கிறது என்றால்தான் பழுதைச் சந்தேகிக்க வேண்டும். ரோட்டரியில் வால்வு திரும்பி நிற்கும் இடத்தில் உள்ள கார்க் அல்லது ரப்பர் தேய்ந்தால், ரோட்டரின் துளை குழாயோடு நேராகச் சேராது. பின் மூடியைக் கழற்றினால் இரண்டு கோடுகள் தெரியும்; அவை வால்வை அழுத்தும்போதும் விடும்போதும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். காற்று கசிகிறதா என்று பார்க்க, வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை வெளியே இழுத்து, சில நொடி பொறுத்து வால்வை அழுத்துங்கள். "டப்" என்று கேட்டால் அடைப்பு நன்றாக இருக்கிறது. கேட்காவிட்டால் எங்கோ கசிகிறது. இந்தச் சோதனை காற்றுத் துளை போட்ட வால்வுக்குப் பொருந்தாது. மவுத்பீஸின் தண்டு ஐரோப்பிய அளவா அமெரிக்க அளவா என்பதையும் பாருங்கள். தவறான அளவு ரொம்ப உள்ளே போனாலும் வெளியே நின்றாலும் பார்ஷியல்கள் கலைந்துபோகும்.

கீழ் ஈ-க்கும் கீழே போனால் நான்கு வால்வு டியூபா வேறு நாடு. சுருக்கமாகச் சொன்னால், எழுதியிருக்கும் கணக்குப்படி விரலிடாமல் ஒரு அரைஸ்வரம் கூடுதலாக அழுத்துங்கள். ஈ ஃபிளாட்டுக்கு 1+4 கால் ஸ்வரம் ஷார்ப். 1+2+4 இருபது சென்ட்போல ஃபிளாட். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். அந்த ஆழத்தில் ஸ்வரங்கள் இளகியவை, உதடு மேலே தூக்கிவிடும். டி-க்கு 2+3+4 ஆச்சரியமாகச் சரியாகவே நிற்கும். டி ஃபிளாட்டுக்கு 1+3+4, முதல் ஸ்லைடு நீளமாக வெளியே. சி-க்கு நான்கும், கூடவே எந்த ஸ்லைடு கைக்கு எட்டுகிறதோ அதெல்லாம். அதற்குக் கீழே பி நேச்சுரல் இந்தக் கருவியில் முறைப்படி கிடையாது. அடிக்கடி அங்கே போக வேண்டியிருந்தால் ஐந்தாவது வால்வு உள்ள கருவி வேண்டும். அதில் ஐந்தாவது வால்வு முதல் வால்வைவிட நீளமான ஒரு முழு ஸ்வரம், 4-வதோடு சேர்ந்தால் சரியாக நிற்கும்படி அளந்தது.

சரி, கம்பென்சேட்டிங். பிளேக்லியின் யோசனை எளிமையானது: 4-வது வால்வை அழுத்தினால் காற்று அதன் குழாயைச் சுற்றிவிட்டு, முதல் மூன்று வால்வு வழியாக இரண்டாம் முறை திரும்பி வருகிறது. அந்த இரண்டாம் பயணத்தில் ஒவ்வொரு வால்விலும் ஒரு குட்டிச் சுற்று கூடுதலாக இருக்கிறது. முதலில் சொன்ன கணக்கில் 4-வதோடு சேரும்போது குறையும் அளவுதான் அந்தச் சுற்று. ஆகவே உங்கள் 2+4 தானாகவே நேராகும், 1+4-உம் அப்படியே, பி நேச்சுரல்வரை எல்லா ஸ்வரமும் கிடைக்கும். ஆனால் நான்கு வால்வு கம்பென்சேட்டிங் கருவியில் 4-ஐ அழுத்தாதவரை அந்தச் சுற்றுகள் தூங்குகின்றன. 1+2-இன் 11 சென்ட் அப்படியே இருக்கும். 2+3-உம் அப்படியே. நடுக்கோட்டு டி-க்கும் அதனால் எந்தப் பலனும் இல்லை, அது பார்ஷியல் விவகாரம். அதோடு கருவி கனக்கும், கீழ் ஸ்வரங்களில் காற்று இரண்டு முறை சுற்றுவதால் ஊதும்போது ஒரு தடை தெரியும். மேலும் வழக்கமான கம்பென்சேட்டிங் வடிவத்தில் வாசிக்கும்போதே முதல் ஸ்லைடை இழுப்பது சுலபமில்லை.

அதனால் என் பதில் நீங்கள் எங்கே வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆங்கிலேய முறை பிராஸ் பேண்டில் ஈ ஃபிளாட் அல்லது பி ஃபிளாட் பேஸ் என்றால் கம்பென்சேட்டிங்தான். அந்த உலகமே அதன் மேல் கட்டப்பட்டது. ஆர்க்கெஸ்ட்ரா, விண்ட் பேண்ட் என்றால் இப்போதைய கருவியில் முதல் ஸ்லைடை வழுக்கச் செய்து, மேலே சொன்ன பங்கீட்டைப் பழகுவது செலவும் கம்மி, பலனும் அதிகம். வாங்கித்தான் ஆவேன் என்று கடைக்குப் போனால் ஸ்கேல் வாசித்துப் பார்க்காதீர்கள். ட்ரோனை ஓடவிட்டு கீழ் ஜி, அதற்கு மேல் டி, கீழ் ஈ, நடுக்கோட்டு டி, இந்த நான்கை மட்டும் நீளமாக நிறுத்துங்கள். பழைய இங்கிலாந்துக் கருவி மலிவாகக் கிடைத்தால் மெயின் ஸ்லைடை முழுக்க இழுத்தும் பி ஃபிளாட் இறங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அங்கே பேண்டுகள் 1960-கள்வரை ஏ 452-ஐ (ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு 452 அதிர்வு) ஒட்டிய உயர்ந்த சுருதியில் வாசித்தன. அந்தக் காலத்துக் கருவி இன்றைய 440-க்குக் கிட்டத்தட்ட கால் ஸ்வரம் மேலே நிற்கும். அதை இறக்க மெயின் ஸ்லைடில் கூடுதல் குழாய் சேர்க்க வேண்டும், அதற்கேற்ப நான்கு வால்வு ஸ்லைடையும் நீட்ட வேண்டும். விலை பேசும்போது ரிப்பேர் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.